வளைவுக்கு இறுக்கம், பள்ளத்துக்கு இளக்கம்

நாமக்கல் மாவட்டம் சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளி அடிவாரத்தில் ஏறத் தொடங்கினால் சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. மேலே அறப்பளீஸ்வரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் இருந்தாலும், அந்த வளைவுகளுக்காகவே கொல்லிமலைக்குக் காரை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். 2021இல் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைன், 2024இல் வந்த டாடா ஆல்ட்ரோஸ் ரேசர் போன்ற ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக்குகளுக்கு இது பிடித்த சாலை. சின்ன உடம்பு, டர்போ எஞ்சின், இறுக்கமான சஸ்பென்ஷன். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் உடனே திரும்பும், அதிகம் சாயாது.

அதே கார் தார் பெயர்ந்த இடத்தில் இறங்கும்போதுதான் பின்சீட்டிலிருந்து முனகல் கேட்கும். ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகுத்தண்டில் வந்து இடிக்கும். "ஸ்பிரிங்கை மாத்தி சாஃப்டா பண்ணிக் கொடுங்க" என்று மெக்கானிக்கிடம் போய் நிற்பது வழக்கம். ஆனால், குற்றவாளிகளின் வரிசையில் ஸ்பிரிங் பெரும்பாலும் கடைசியில்தான் நிற்கிறது.

இரண்டு வேகங்கள்

வளைவில் நடப்பதை முதலில் பார்ப்போம். 12 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் திரும்பினால் உங்களைப் பக்கவாட்டில் தள்ளும் விசை உங்கள் எடையில் கால் பங்கு. 30 கி.மீ. என்றால் பாதி எடைக்கும் மேலே போய்விடும். வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் விசை இரண்டேகால் மடங்கு கூடுகிறது. இந்த விசைதான் காரைச் சாய்க்கிறது. ஆனால் சாய்வது நிதானமாக நடக்கும். ஸ்டீயரிங் திரும்பத் திரும்ப, கொஞ்சம் கொஞ்சமாக.

பள்ளம் அப்படியல்ல. 30 செ.மீ. அகலக் குழியை 40 கி.மீ. வேகத்தில் ஒரு சக்கரம் கடக்க ஆகும் நேரம், விநாடியில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள் சக்கரம் இறங்கி ஏறியாக வேண்டும்.

ஆக, வளைவு உண்டாக்குவது மெதுவான அசைவு. பள்ளம் உண்டாக்குவது படுவேகமான அசைவு. மெதுவான அசைவுக்கு இறுகி நின்று, வேகமான அசைவுக்கு இளகிக் கொடுக்கும் சஸ்பென்ஷன்தான் கொல்லிமலைக்கு ஏற்றது. ஸ்பிரிங்கால் இந்த வேலையைச் செய்ய முடியாது. எவ்வளவு தூரம் அமுங்குகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். எவ்வளவு வேகமாக என்பது தெரியாது. வேகம் தெரிந்தது ஷாக் அப்சார்பருக்கு.

எண்ணெய்க்குள் நடக்கும் வேலை

ஒரு ஷாக்கை அறுத்துப் பார்த்தால் உள்ளே எண்ணெய் நிரம்பிய குழாய், அதில் ஏறி இறங்கும் தண்டு, தண்டின் முனையில் ஒரு பிஸ்டன். பிஸ்டனில் துளைகள் இருக்கும். சில துளைகளை மெல்லிய எஃகு வட்டுகள் மூடியிருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வாஷர் போன்றவை. பிஸ்டன் மெதுவாக நகரும்போது எண்ணெய் சிறு துளை வழியாகத் திணறித்தான் போக முடியும். அதனால் தடை கிடைக்கிறது, கார் சட்டென்று சாய்ந்துவிடுவதில்லை. சக்கரம் குழியில் விழுந்து பிஸ்டன் சட்டென்று பாயும்போது எண்ணெயின் அழுத்தம் அந்த வட்டுகளை வளைத்துப் பெரிய வழியைத் திறந்துவிடுகிறது. அழுத்தம் கூடக் கூடக் கதவு அகலத் திறக்கும் அணை மதகு மாதிரி.

நல்ல ஷாக்கின் தரம் இந்த வட்டுகளின் கனத்தையும் அடுக்கையும் சரியாகத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. மலிவான 'ஸ்போர்ட்ஸ்' ஷாக்குகள் பல, மெதுவானதற்கும் வேகமானதற்கும் ஒரே மாதிரி முறைக்கும். அமுங்கிய ஷாக் திரும்பி நீளும் திசையில் தடை அளவுக்கு மீறினாலும் தொல்லைதான். அடுத்தடுத்து ரம்பிள் ஸ்ட்ரிப் வந்தால், முதல் மேட்டில் அமுங்கிய ஷாக் நீள்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். கார் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே உட்கார்ந்து கடைசியில் பம்ப் ஸ்டாப் ரப்பரில் இடிக்கும். அந்த இடியைத்தான் பலர் 'ஸ்பிரிங் கடினம்' என்று நினைக்கிறார்கள்.

ஸ்பிரிங்குக்கும் பங்கு இல்லாமல் இல்லை. சொகுசுக் காரின் உடல் விநாடிக்கு ஏறக்குறைய 1 முதல் 1.3 முறை மேலும் கீழும் ஆடும்படி அமைப்பார்கள். ஸ்போர்ட்டி காரில் அது 1.5இல் இருந்து 2 வரை போகும். மனித உடம்புக்கு மேலும் கீழுமான அதிர்வில் மிகவும் ஒத்துவராதது விநாடிக்கு 4 முதல் 8 வரையிலான அதிர்வு. வயிறும் குடலும் கூடச் சேர்ந்து ஆடுகிற எல்லை அது. ஸ்போர்ட்டி ஸ்பிரிங்கின் ஆட்டம் அந்த எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது. நம்மைப் படுத்தும் அதிர்வு ஷாக், டயர், ரப்பர் புஷ் வழியாக வந்து சேர்கிறது.

காற்றும் ஒரு ஸ்பிரிங்தான்

சாலையைத் தொடும் முதல் ஸ்பிரிங் டயர். அதன் விறைப்பு ஏறக்குறையக் காற்றழுத்தத்தோடு சேர்ந்து கூடும். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 33 பிஎஸ்ஐ என்று இருக்க, பங்க்கில் "38 வைங்க, மைலேஜ் வரும்" என்று ஏற்றிக்கொண்டால் டயர் ஏழில் ஒரு பங்கு விறைத்துப்போகும். செலவே இல்லாமல் சரிசெய்யக்கூடிய கோளாறு இது.

அழுத்தத்தைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். சேலத்திலிருந்து நான்குவழிச் சாலையில் ஓடிச் சூடான டயர், அடிவாரத்தில் சில பிஎஸ்ஐ கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் வளைவில் டயரின் பக்கச்சுவர் மடங்கும், பள்ளத்தில் ரிம் அடிபடும். உயரத்துக்காகவும் இறக்க வேண்டாம். 1,000 மீட்டர் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானி சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும்; மேலே குளிர் கூடுவதால் சுமார் ஒரு பிஎஸ்ஐ குறையும். இரண்டும் கிட்டத்தட்டக் கழிந்துவிடும்.

அடுத்தது டயரின் உயரம். ஐ20 என் லைனில் வரும் 195/55 ஆர்16 டயரின் பக்கச்சுவர் 107 மி.மீ. 185/65 ஆர்15 போட்டால் 120 மி.மீ. மொத்த விட்டம் இரண்டிலும் ஏறக்குறைய 621 மி.மீ.தான், எனவே ஸ்பீடோமீட்டர் கணக்கு மாறாது. 13 மி.மீ. கூடுதல் ரப்பரும் காற்றும் குழியின் விளிம்பு தரும் அடியை வாங்கிக்கொள்ளும். சிறிய ரிம் பெரும்பாலும் எடையும் குறைவு; எடை குறைந்த சக்கரம் மேடுபள்ளத்தைச் சீக்கிரம் பின்தொடரும். மாற்றும்முன் 15 அங்குல ரிம்முக்குள் பிரேக் காலிப்பர் அடங்குகிறதா, டயரின் சுமை எண் குறையவில்லையா என்று பார்க்க வேண்டும். கம்பெனி அங்கீகரித்த அளவைத் தாண்டினால் வாரண்டியிலும் இன்ஷூரன்சிலும் சிக்கல் வரலாம்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

சுருள் ஸ்பிரிங்கின் வளையங்களுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபரை விற்பவர்கள், அது சொகுசையும் தரும் என்பார்கள். கார் கொஞ்சம் உயரும், உண்மைதான். ஆனால் வேலை செய்யும் வளையங்களின் எண்ணிக்கை குறைந்து ஸ்பிரிங் கடினமாகிவிடும். ஆறு வளையம் வேலை செய்கிற ஸ்பிரிங்கில் ஒன்று முடங்கினால் கடினம் 20 சதவீதம் கூடும். காரைத் தாழ்த்த ஸ்பிரிங்கை அறுத்தாலும் இதே கணக்கு. அதோடு அமுங்க இருக்கும் தூரமும் போய்விடும்.

முன்பக்கமோ பின்பக்கமோ ஒரு பக்கத்து ஸ்பிரிங்கை மட்டும் மெலிதாக்குவதும் தவறு. 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த மாரிஸ் ஆலி என்ற பொறியாளர், பின் ஸ்பிரிங் முன்னதைவிடச் சற்று விரைவாக ஆடினால் கார் முன்னும் பின்னும் ஊஞ்சலாடாது என்று கண்டார். ஐ20இன் அச்சிடைத் தூரம் 2.58 மீட்டர். 80 கி.மீ. வேகத்தில் முன்சக்கரம் ஏறிய மேட்டில் பின்சக்கரம் ஏற விநாடியில் ஒன்பதில் ஒரு பங்கு தாமதம். விரைவாக ஆடும் பின் ஸ்பிரிங் அந்தத் தாமதத்தை ஈடுகட்டிவிடும். பின்பக்கத்தை மட்டும் இளக்கினால் பின்சீட்டில் இருப்பவருக்குத் தலைசுற்றல் கூடத்தான் செய்யும்.

இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பாரைக் கழற்றி ஓட்டுவதை நினைத்தும் பார்க்க வேண்டாம். ஒரு பக்கச் சக்கரத்தின் அடியை மறுபக்கத்துக்கும் அது கொஞ்சம் கடத்துகிறது என்பது உண்மை. ஆனால் 70 வளைவிலும் காரை நிமிர்த்திப் பிடிப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

எந்த வரிசையில் செய்வது?

முதலில் ஸ்டிக்கர்படி காற்று. அடுத்து ஸ்ட்ரட் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் லிங்க் ஆகியவற்றின் தேய்மானம்; வெடித்த புஷ் ஒன்றே நல்ல காரைக் கட்டை வண்டி ஆக்கிவிடும். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தால் ஒரே அச்சின் இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். டயர் தேய்ந்து மாற்றும் காலம் வரும்போது ரிம் அளவை யோசிக்கலாம். இவை எல்லாம் முடிந்தும் இடி குறையவில்லை என்றால்தான் நல்ல தயாரிப்பாளரின் ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த செட். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே சாலையில், அதே வேகத்தில், அதே ஆட்களோடு ஓட்டிப் பாருங்கள். பின்சீட்டில் இருப்பவரிடம் கேளுங்கள். ஓட்டுகிறவரின் தீர்ப்பு இந்த விஷயத்தில் செல்லாது.