வகுப்பறையே ஆராய்ச்சிக் களம்

மாதேசுவர மலைச் சாரலில் பாலாறு என்றொரு சிற்றாறு ஓடுகின்றது. வேலூர் வழியே செல்லும் பாலாறு அன்று இது. காவிரியில் கலக்கும் வேறோர் ஆறு. சிறிது தொலைவுக்கு இதுவே கருநாடகத்திற்கும் தமிழ்நாட்டிற்கும் எல்லையாக அமைந்துள்ளது. இம்மலையை உள்ளடக்கிய கொள்ளேகால வட்டம் 1956ஆம் ஆண்டு வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டில் மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு இடம் மாறிற்று. ஆயினும் அடுப்பங்கரையில் தாயும் பிள்ளையும் பேசும் மொழி அதனுடன் மாறிவிடவில்லை.

இத்தகைய எல்லைப்புறத்தில் ஒரு தொடக்கப்பள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றாம் வகுப்பில் 24 பிள்ளைகள். பாடமொழி கன்னடம், அவர்களுள் பலருக்கு வீட்டுமொழி தமிழ். கூட்டலும் கழித்தலும் கற்பித்தாயிற்று. ஆயினும், "சந்தைக்குக் கொண்டு சென்ற 45 தேங்காயில் 18 விற்றுப்போயின, மீதி எத்தனை?" என்பது போன்ற வாக்கியக் கணக்குகளில் பாதிப் பேர் தடுமாறுகின்றனர். ஆசிரியர் என்ன செய்வார்? "இவர்களுக்குக் கணக்கு வராது" என்று சொல்லிவிடலாம். அது எளிது. ஆனால் அந்த ஒரு சொல் ஒரு பிள்ளையின் வாழ்நாள் முழுவதும் அவனைத் தொடர்ந்து வரக்கூடும். ஆகவே, அதைச் சொல்வதற்கு முன் ஆசிரியர் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நலம். தடை கணக்கில் இருக்கின்றதா, மொழியில் இருக்கின்றதா?

இக்கேள்வி பிறந்த கணத்திலேயே ஆராய்ச்சியும் பிறந்துவிடுகின்றது. ஆராய்ச்சி என்றவுடன் கண்ணாடிக் குழாய்களும் பல்கலைக்கழகக் கட்டடங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. தம் வேலையில் எழும் இடர்ப்பாட்டை வேலை செய்பவரே ஆராய்ந்து, ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து, விளைவைக் கண்டு மேலும் திருத்திக்கொள்ளும் முறையும் ஆராய்ச்சியே ஆகும். இதனைச் செயலாராய்ச்சி என்பர். கர்ட் லெவின் என்னும் உளவியல் அறிஞர் 1946ஆம் ஆண்டில் இம்முறையை விளக்கி எழுதினார். அமெரிக்கக் கல்வியறிஞர் ஸ்டீபன் கோரி 1953ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இதனைப் பள்ளி ஆசிரியர்களிடம் கொண்டு சேர்த்தது.

நம் எல்லைப்புற ஆசிரியர் இதனை எவ்வாறு நடத்துவார்? முதலில், 5 கணக்குகளை எண்களாக மட்டும் எழுதித் தருவார். மறுநாள், அதே அளவுக் கடினமுள்ள 5 கணக்குகளை வாக்கியமாகத் தருவார். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் எதிரே இரண்டு மதிப்பெண்களையும் குறித்துக்கொள்வார். இரண்டிலும் தவறிய பிள்ளைக்குக் கழித்தலையே மீண்டும் கற்பிக்க வேண்டும். எண்ணில் வென்று வாக்கியத்தில் தோற்ற பிள்ளைக்கோ கணக்கு வரும். கணக்கைச் சொல்லும் மொழிதான் எட்டவில்லை.

அடுத்து அவர் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்வார். நான்கு வாரங்களுக்கு, ஒவ்வொரு வாக்கியக் கணக்கையும் பிள்ளைகள் முதலில் தம் வீட்டுமொழியில் சொல்லட்டும். புளியங்கொட்டைகளை வைத்து நடத்திக் காட்டட்டும். அதன் பின்னரே பலகையில் எழுதட்டும். ஒரே வேளையில் பல மாற்றங்களைப் புகுத்தினால், எது பயன் தந்தது என்பது தெரியாமற் போய்விடும். நான்காம் வாரத்தின் முடிவில் முன்போலவே மீண்டும் ஒரு தேர்வு. அதற்கிடையே, இன்று யார் வாய் திறந்தார், யார் திறக்கவில்லை என்று நாள்தோறும் குறிப்பேட்டில் இரண்டு வரி. இவ்வளவே கருவிகள்.

பயன் விளைந்தால் மகிழ்ச்சி. விளையாவிடின், கருதியது தவறு என்பது தெளிவாயிற்று. அதுவும் ஒரு பேறே. ஆனால் ஒரு வகுப்பில் கண்டதை உலகிற்கெல்லாம் பொதுவிதியாக்குதல் ஆகாது. அடுத்த ஊர் ஆசிரியர் அதனைத் தம் வகுப்பில் சோதித்துப் பார்க்கும் ஒரு கருத்தாகக் கொள்ளலாம்.

இது வெறும் கற்பனையன்று. இதே மைசூர்ச் சீமையில், மேற்கே கபினி ஆறு பாயும் ஹெக்கடதேவனகோட்டை வட்டத்தில் 1995ஆம் ஆண்டில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இவ்வழியில் ஒரு பெருமுயற்சியைத் தொடங்கினர். காடு சூழ்ந்த பகுதி அது. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை ஒருங்கே நடத்த வேண்டிய பள்ளிகள் அங்கே பல. ஆந்திரத்து மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷிவேலிக்குச் சென்று, அதன் சிற்றூர்ப் பள்ளிகள் நடைபெறும் முறையை அவர்கள் கண்டறிந்தனர். கண்டதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், தம் பிள்ளைகளுக்கு ஏற்பக் கற்றல் அட்டைகளைத் தாமே ஆக்கி, வகுப்பில் பயன்படுத்திப் பார்த்துத் திருத்தினர். 'நலி கலி' என்னும் அம்முறைக்கு மகிழ்ந்து கற்றல் என்பது பொருள். பாடம் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு ஏணிபோல் அமைந்தது. பத்து நாள் பள்ளிக்கு வாராத பிள்ளை, திரும்பி வந்ததும் விட்ட படியிலிருந்தே தொடரலாம். யூனிசெப் நிறுவனமும் இதற்குத் துணை நின்றது. ரிஷிவேலி வழிவந்த இத்தகைய முறை, 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றிலும் செயல்வழிக் கற்றல் என்னும் பெயரால் தொடங்கிற்று. 2007-08இல் அது தமிழகமெங்கும் பரவியது. நலி கலியும் 2009-10இல் கருநாடக அரசுப் பள்ளிகளின் முதலிரு வகுப்புகளுக்கும் விரிந்தது.

இங்கே நாம் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அட்டைகளை ஆணையிட்டு அனுப்பலாம். அவற்றை ஆக்கிய ஆசிரியர் உள்ளத்தில் எழுந்த கேள்வியை எவ்வாறு அனுப்புவது? அட்டை ஏன் இவ்வாறு அமைந்தது என்பதை அறியாத ஆசிரியருக்கு அதுவும் மற்றொரு பாடநூலே. ஆகவே முறையைப் பரப்புவோர் அதனை மாற்றிப் பார்க்கும் உரிமையையும் உடன் தருதல் வேண்டும். 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின் வழித் தோன்றிய மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனங்களுக்குச் செயலாராய்ச்சியும் ஒரு கடமையாக வகுக்கப்பட்டது. அக்கடமை படிவங்களை நிரப்புவதோடு முடிந்துவிடலாகாது. ஆசிரியருக்கு வாரத்தில் ஒரு மணி நேர ஓய்வும், உடன் பேச ஒரு துணையாசிரியரும், "நான் செய்தது பலிக்கவில்லை" என்று அஞ்சாது சொல்லும் சூழலும் வேண்டும். பலித்தவை மட்டுமே எழுதப்படும் ஏட்டில் உண்மை பாதியே இருக்கும்.

பாலாற்றங்கரைப் பள்ளிக்கு மீண்டும் வருவோம். நான்கு வாரம் கழிந்து, வாய் திறவாதிருந்த ஒரு சிறுமி தன் மொழியில் கணக்கைச் சொல்லி விடையையும் சொல்வாளாயின், ஆசிரியரின் குறிப்பேட்டில் ஒரு வரி கூடும். அவளுக்குக் கணக்கு வராது என்று எழுதப்படவிருந்த வரி எழுதப்படாமலே நின்றுவிடும். நம் ஆசிரியப் பெருமக்கள் ஒவ்வொருவரும் இந்த ஆண்டில் ஒரு கேள்வியையேனும் இவ்வாறு ஆராய்ந்து பார்ப்பார்களாக.