செடியும் சொல்லும் சேர்த்த பாதிரியார்

தமிழ் அகராதிகளின் வரலாற்றைப் படித்தவர்கள் ராட்லர் என்ற பெயரை அறிந்திருப்பார்கள். அவர் ஒரு தாவரவியல் அறிஞரும்கூட என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

பாதிரியார்கள் பலர் இயற்கையை ஆராய்ந்த காலம் 18ஆம் நூற்றாண்டு. இங்கிலாந்தில் டெடிங்டன் என்னும் ஊரின் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ், சூரியகாந்திச் செடியைத் தொட்டியோடு காலையும் மாலையும் எடைபோட்டு, அது எவ்வளவு நீரை ஆவியாக வெளியிடுகிறது என்று கணக்கிட்டார். 1727இல் வெளிவந்த அவரது நூல் தாவர உடலியலுக்கு அடித்தளம் இட்டது.

ஜோஹன் பீட்டர் ராட்லர் 1749இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பிறந்து, 1776இல் தரங்கம்பாடிக்கு வந்தார். புகழ்பெற்ற லின்னேயஸின் மாணவரான மருத்துவர் கோனிக்கிடம் அங்கே தாவரவியல் கற்றார். சமயப் பணிக்காகச் சென்ற ஊர்களில் செடிகளைச் சேகரித்து, உலர்த்தி, ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பினார். அவரது தொகுப்பு இன்று லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் உள்ளது. பட்டுக்குச் சாயமாகவும் சித்த மருத்துவத்தில் குடற்புழு மருந்தாகவும் பயன்படும் கபிலப்பொடியைத் தரும் மரத்துக்கு, ராக்ஸ்பரோ என்னும் அறிஞர் அவர் நினைவாக 'ராட்லெரா' என்று பெயர் சூட்டினார். (பின்னாளில் அது 'மல்லோட்டஸ்' என்று மாறியது.)

முதுமையில் சென்னை வேப்பேரியில் தமிழ்–ஆங்கில அகராதியைத் தொகுத்தார். அதன் முதற்பகுதி 1834இல் வெளிவந்தது. 1836இல் அவர் காலமான பின், வில்லியம் டெய்லரும் வேங்கடாசல முதலியாரும் எஞ்சியதைத் திருத்தி 1841இல் முடித்தனர்.

செடி சேர்ப்பதும் சொல் சேர்ப்பதும் வெவ்வேறு வேலைகளா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மக்கள் வைத்த பெயருக்குள்ளேயே அறிவியல் இருக்கிறது. நான் வசிக்கும் டத்தோ கிராமாட்டிலும் பினாங்கின் பிற சாலைகளிலும் நிழல் தரும் மரம் ஒன்றைத் தமிழில் தூங்குமூஞ்சி மரம் என்கிறோம். மாலையில் அதன் இலைகள் மடிந்துவிடும். இலைக்காம்பின் அடியிலுள்ள செல்களில் நீரழுத்தம் மாறுவதே காரணம். மலாய்க்காரர்கள் இதைப் 'புக்குல் லீமா', அதாவது ஐந்து மணி மரம், என்பார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த மரத்தை இரண்டு மொழியினரும் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்!

ஆனால் இன்று நம்மில் எத்தனை பேருக்கு வாசலில் நிற்கும் பத்துச் செடிகளின் தமிழ்ப் பெயர் தெரியும்? தாத்தா பாட்டியைக் கேட்டு இவ்விடுமுறையில் எழுதி வைப்போம். அவர்களோடு அப்பெயர்களும் போய்விட்டால், எந்த அகராதியில் தேடுவோம்?