ஒரு கோடி அட்டைகளும் மீன் எண்ணெயும்: தெரியுமா?

கூகுள் பிறப்பதற்கு நூறு ஆண்டு முன்பே தேடுபொறி இருந்தது தெரியுமா? 1895-இல் பிரஸ்ஸல்ஸில் பால் ஒட்லே, ஆன்றி லா ஃபோந்தேன் என்ற இரு வழக்கறிஞர்கள் உலகில் அச்சேறிய எல்லாவற்றுக்கும் குறிப்பட்டை எழுத உட்கார்ந்தார்கள். அட்டைகள் ஒரு கோடியைத் தாண்டின! கேள்வியைத் தபாலில் போட்டால் பதிலும் தபாலில் வந்தது.

மனிதர்களையே வலையாகக் கோத்தால்? 2009 டிசம்பர் 5 அன்று அமெரிக்கா முழுக்க 10 சிவப்பு பலூன்களைக் கட்டிவிட்டு, 'எங்கே என்று சொன்னால் 40,000 டாலர்' என்றது அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா. பார்த்தவருக்கு மட்டுமல்ல, அவரைச் சேர்த்துவிட்டவருக்கும் பங்கு உண்டு என்று அறிவித்தது போட்டியில் இறங்கிய எம்.ஐ.டி. குழு. 9 மணி நேரத்துக்குள் பத்தும் சிக்கின!

அப்படியென்றால் தேடலும் வலையும் சேர்ந்து மனிதனைப்போல் எதையும் யோசிக்கும் பொதுச் செயற்கை நுண்ணறிவு ஆகிவிடுமா? 2011-இல் ஐ.பி.எம்.மின் வாட்சன் 20 கோடிப் பக்கங்களை நினைவில் ஏற்றிக்கொண்டு 'ஜெப்பர்டி' வினாடி வினாவில் இரண்டு சாம்பியன்களை வீழ்த்தியது. அதே வாட்சன், அமெரிக்க நகரம் ஒன்றைக் கேட்டபோது 'டொராண்டோ' என்றது. அது கனடாவில் இருக்கிறது!

என்னை உறங்கவிடாத அதிசயம் இனிமேல்தான். குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் ரேனோ நோயில் ரத்தம் கெட்டிப்பட்டிருக்கிறது என்று ஒரு கூட்டம் மருத்துவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். மீன் எண்ணெய் ரத்தத்தின் கெட்டித்தன்மையைக் குறைக்கிறது என்று வேறொரு கூட்டம் எழுதியிருந்தது. இவர்கள் கட்டுரையை அவர்கள் மேற்கோள் காட்டியதில்லை. அவர்கள் கட்டுரையை இவர்களும் காட்டியதில்லை. விடை பாதி பாதியாக, வேறு வேறு அலமாரிகளில்! 1986-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டான் ஸ்வான்சன் இரண்டையும் சேர்த்துப் படித்து, 'மீன் எண்ணெய் உதவக்கூடும்' என்று எழுதினார். அவர் மருத்துவரே அல்ல! 1989-இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வேறு நோய் எதுவும் இன்றி ரேனோ மட்டும் இருந்தவர்களின் விரல்கள் குளிரைக் கூடுதல் நேரம் தாங்கின.

தேடு என்றால் வலை தேடும். எந்த இரண்டைச் சேர்த்துத் தேடுவது என்ற யோசனை ஸ்வான்சனுக்கு வந்ததே, அதைத்தான் நான் அறிவு என்பேன். அந்த யோசனையையும் இயந்திரத்துக்குக் கற்றுத்தர அவரே ஒரு கணினி நிரல் செய்தார். அதன் பெயர் ஆரோஸ்மித்.