பழியெல்லாம் தூசிக்கா?

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைக்குப் போய்வருகிறவருக்கு மூச்சு வாங்கினால், சந்தேகம் தூசியின் மேல்தான் விழும். ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் வார்த்தெடுக்கும் ஊர் அது. செராமிக் தொழிற்பேட்டையே உண்டு. சிலிக்கா தூசி ஆண்டுக்கணக்கில் நெஞ்சில் படிந்தால் சிலிகோசிஸ் வரும் என்பதால் சந்தேகத்தில் தவறில்லை. ஆனால், எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாக இருந்து, ராத்திரிக் குறட்டை மட்டும் வீட்டையே எழுப்பினால்?

அப்போது விரலைப் பாருங்கள். மோதிரம் ஏறவில்லையா? செருப்பு அளவு கூடிவிட்டதா? குரல் கட்டையாகி, பல்வரிசையில் இடைவெளி விழுந்திருக்கிறதா? அக்ரோமெகாலியாக இருக்கலாம்.

1886-இல் பிரெஞ்சு மருத்துவர் பியர் மரீ பெயர் சூட்டிய அரிய நோய் இது. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு கட்டி. பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. அது வளர்ச்சி ஹார்மோனை அளவின்றிச் சுரக்கும். வளர்ந்து முடிந்தவருக்கு உயரம் கூடாது. தாடை, மூக்கு, கை, கால் பருக்கும். மாற்றம் மெல்ல வருவதால் வீட்டாருக்குத் தெரியாது. மாசி மகத்துக்கு வந்த உறவுக்காரர்தான், "என்னப்பா, ஆளே மாறிட்ட?" என்பார். நோய் பிடிபடவே பல ஆண்டுகள் ஆகிவிடுகிறது.

வெளியே பருக்கிறதே, அதே பருமன் உள்ளேயும் ஏறுகிறது. நாக்கு தடிக்கும், உள்நாக்கும் குரல்வளைத் திசுக்களும் வீங்கும். மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைக்கும். மூச்சு சில நொடிகள் நின்று, திடுக்கிட்டுத் திரும்பும். நோய் கண்டறியப்படும்போதே பாதிப் பேருக்கும் மேல் இந்தத் தூக்க மூச்சுத்தடை இருக்கிறது. பகலில் தூங்கி விழுவதும் ரத்த அழுத்தமும் கூடவே வரும். சூளைப் பக்கத்தில் கண் அசருவது எவ்வளவு ஆபத்து!

ஐ.ஜி.எஃப்-1 ரத்தப் பரிசோதனை முதல் துப்பு தரும், எம்.ஆர்.ஐ. கட்டியைக் காட்டும். மூக்கு வழியாகவே கட்டியை எடுத்துவிடலாம். தேவைப்பட்டால் ஊசி மருந்தும் உண்டு. பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மரில் நாளமில்லாச் சுரப்பிப் பிரிவு இருக்கிறது. சிகிச்சைக்குப்பின் நாக்கின் வீக்கம் வடியும். பருத்த எலும்பு பழையபடி ஆகாது. அதனால் குறட்டை சிலருக்கு நீடிக்கும். தூக்கப் பரிசோதனையை மறுபடி செய்துபார்ப்பது அவசியம்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்த நோயாளிகளுக்கு மயக்கம் கொடுக்கையில் மூச்சுக்குழாய் செருகுவது மற்றவர்களைவிடக் கடினம். குடலிறக்கம் போன்ற சின்ன ஆபரேஷனே என்றாலும், மோதிரமும் செருப்பும் மாறியதையும் குறட்டையையும் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.