வயிறு நிறைந்தும் கை நிற்காதபோது

உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோக வாங்கிய தூத்துக்குடி மக்ரூனை, எல்லாரும் தூங்கிய பிறகு தனியாக உட்கார்ந்து தின்று தீர்த்திருக்கிறீர்களா? காலிப் பொட்டலத்தை யார் கண்ணிலும் படாமல் ஒளித்ததுண்டா? அப்படியானால் மேலே படியுங்கள்.

இது வெறும் தீனி ஆசைதானே? எப்போதாவது என்றால் ஆமாம். பனிமய மாதா திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் வயிறு முட்டச் சாப்பிடாதவர் யார்? ஆனால் கொஞ்ச நேரத்துக்குள் அளவுக்கு மிஞ்சித் தின்பதும், நிறுத்த நினைத்தும் முடியாமல் போவதும், பிறகு தன்மேலேயே வெறுப்பு வருவதும் வாரம் ஒரு முறையாவது மூன்று மாதம் தொடர்ந்தால், மருத்துவர்கள் அதை மிகையுண்ணல் கோளாறு (கட்டுப்பாடு இழந்து பெருமளவு தின்னும் மனநலச் சிக்கல்) என்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் தன் கையேட்டில் இதைத் தனி நோயாகவே சேர்த்துவிட்டது. ‘நாக்கை அடக்கத் தெரியாதவள்’ என்று வீட்டில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

‘இனி இப்படித் தின்ன மாட்டேன்’ என்று காலையில் இருக்கும் வைராக்கியம் ராத்திரி எங்கே போகிறது? பெரும்பாலும் அது உங்கள் வைராக்கியமே இல்லை. ‘குண்டாயிட்டியே’ என்று அத்தை சொன்னதில் பிறந்தது. அந்த அவமானம் காலையில் உங்களைப் பட்டினி போடும். பட்டினி கிடந்த உடம்பு ராத்திரி பொரிச்ச பரோட்டாவும் சால்னாவும் கேட்கும். கேட்கத்தானே செய்யும்?

அப்படியானால் நிறுத்துவதற்கு எந்தக் காரணம் தாங்கும்? எடையை விட்டுவிட்டு, உங்கள் அன்றாடத்தில் தேடுங்கள். முத்துநகர் கடற்கரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, ஒளிவுமறைவு இல்லாமல் ஒரு பொட்டலம் சுண்டல் தின்ன வேண்டும் என்பது ஒரு காரணம். துறைமுகத்தில் நைட் ஷிப்ட் முடித்து வந்து நெஞ்செரிச்சல் இல்லாமல் தூங்க வேண்டும் என்பது இன்னொன்று. சின்னதாக இருக்கிறதே என்று தயங்காதீர்கள். சின்னக் காரணத்தை ராத்திரி பத்து மணிக்கும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு தாளில் இரண்டு கேள்விகளை எழுதுங்கள். இந்தத் தீனி எனக்கு என்ன தருகிறது? என்னிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது? முதல் கேள்விக்குப் பலரும் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். அது பொய். சண்டைக்குப் பிறகு ஒரு ஆறுதல், தனிமையில் ஒரு துணை என்று ஏதோ ஒன்று கிடைக்கிறது. அது என்னவென்று தெரிந்தால்தான் அதற்கு வேறு வழி தேட முடியும்: தங்கச்சிக்கு ஒரு போன், மொட்டை மாடியில் ஒரு நடை. அந்தத் தாளை நல்ல வேளையில் எழுதி வையுங்கள். ஆசை பொங்கும்போது யோசிக்க வராது.

காரணம் மட்டும் போதுமா? போதாது. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு முறை சிறு தீனி. நாலு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப் போடக்கூடாது. ராத்திரி வேலை பார்ப்பவர்கள் விழித்தெழும் நேரத்திலிருந்து கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தவக்காலமும் கந்த சஷ்டியும் வருமே? கடும் நோன்புக்குப் பிறகு கட்டுப்பாடு உடைவது சகஜம். நோயாளிகளுக்கு நோன்பிலிருந்து விலக்கு தரத் திருச்சபையே இடம் வைத்திருக்கிறது. திருச்செந்தூர் முருகனும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நேற்று மறுபடி நடந்துவிட்டதா? அடுத்த வேளைச் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். ஈடுகட்டப் பட்டினி கிடந்தால் அதே சுழல்தான்.

யாரிடம் போவது? தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். நேரில் போகக் கூச்சமா? 14416-ஐ அழையுங்கள், டெலி மானஸ் என்ற அரசுச் சேவை, இலவசம், எந்நேரமும் பேசலாம், தமிழிலும் உண்டு. ‘நிறுத்த முடியவில்லை, வாரத்தில் இத்தனை தடவை’ என்று சொன்னால் போதும். மிகையுண்ணல் கோளாறுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசிப் பயிற்சியால் மாற்றும் முறை) நன்றாகப் பலன் தருகிறது.

தின்றதை வலிய வாந்தி எடுக்கிறீர்கள், பேதி மாத்திரை போடுகிறீர்கள் என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அந்த மருத்துவரிடமும் இந்த மிகையுண்ணலைச் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.