பழைய டீஸல் லாரியின் நோயும் குறியும்

நெல், கரும்பு, வாழை முதலிய விளைபொருள்களை மண்டிக்கும் ஆலைக்கும் கொண்டு சேர்ப்பதற்குச் சொந்தமாகவே ஒரு லாரி வைத்திருக்கும் நிலச்சுவான்தார்கள் இக்காலத்தில் அநேகர். அவற்றுட் பல, நாலைந்து பேர் கைமாறி வந்த பழைய வண்டிகளே. டாட்டா கம்பெனியார் 1954-ம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்து டைம்லர்-பென்ஸ் கம்பெனியாருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழிவந்த எஞ்சின்களும், எண்ணூரில் தொழிற்சாலை கொண்ட அசோக் லேலண்டு கம்பெனியாரின் பழைய எஞ்சின்களும் கிராமங்களில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. இவை உறுதியான யந்திரங்கள். ஆயினும் ஒரு நாள் வண்டி நின்ற இடத்தில் குலுங்கத் தொடங்கும். பாரம் ஏற்றினால் இழுவை இராது. பின்புறம் புகை மண்டும். உடனே, "எஞ்சின் போய்விட்டது, இறக்கிப் போர் போடவேண்டும்" என்று எவரேனும் தீர்ப்புக் கூறிவிடுவர். அத்தீர்ப்புப் பலமுறை பிழையானதென்பதும், அரை நாட் பரிசோதனையால் பெருஞ்செலவு மிஞ்சக்கூடுமென்பதும் குடியானவர்கள் அறியத்தக்கவை.

டீஸல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப்போல் நெருப்புப் பொறி தரும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்காக நெருக்க, அக்காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற் சூடேறுகிறது. அத்தருணத்தில் நாஸில் மூலம் டீஸல் பனிபோல் தூவப்பட்டுத் தானே பற்றிக்கொள்ளுகிறது. ஆகவே போதிய காற்று, உரிய வேளையில் நன்கு தூவப்படும் எண்ணெய், கசிவில்லாத நெருக்கம் என்னும் மூன்றே எஞ்சினுக்கு வேண்டுவன. இம்மூன்றில் எது குறைந்தாலும் ஒலியும் புகையும் அதைக் காட்டிவிடும்.

முதலில் பார்க்கவேண்டியது டீஸலையே. ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாலும், புறப்பட்ட சற்று நேரத்தில் எஞ்சின் நின்றுபோனாலும், குழாயில் காற்றுப் புகுந்திருக்கக்கூடும். தாங்கிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள வெடித்த ரப்பர் குழாய், நைந்த செம்பு வாஷர் ஆகியவற்றின் வழியாக டீஸல் வெளியே சொட்டாது. காற்று மட்டும் உள்ளே இழுக்கப்படும். வெளியே ஈரம் இல்லை என்பதால் பலர் இதைக் கவனியாது விடுகிறார்கள். குழாயையும் வாஷரையும் மாற்றிப் பில்டரிலும் பம்பிலும் உள்ள ஸ்குருவைத் தளர்த்தி, குமிழியற்ற டீஸல் வரும்வரை கைப்பம்பை அடித்துக் காற்றைப் போக்கவேண்டும். அடுத்தது தண்ணீர். தாங்கியை அரைகுறையாக வைத்து இரவில் நிறுத்தினால் உள்ளிருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்து துளியாகி அடியில் தேங்கும். பண்ணையிற் பீப்பாய்களில் டீஸலைச் சேமிப்போர் அதை ஓரிரு நாள் அசையாமல் தெளியவிட்டு, அடியிலுள்ளதை ஒதுக்கி, மேற்பாகத்தையே எடுத்து ஊற்றுதல் நலம்.

டீஸல் சுத்தமாயிருந்தும் குலுக்கல் தீரவில்லையெனில், எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்தல் அடுத்த படி. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பம்பிலிருந்து நாஸிலுக்குச் செல்லும் இரும்புக் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாக அரைச்சுற்றுத் தளர்த்திப் பார்க்கவேண்டும். தளர்த்தியவுடன் எஞ்சினின் ஒலி தணிந்து குலுக்கல் அதிகமானால், அச்சிலிண்டர் அதுவரை உழைத்துக்கொண்டிருந்ததென்று அர்த்தம். தளர்த்தியும் ஒலியில் யாதொரு மாறுதலும் இல்லையானால், நொண்டி அதுவே. நட்டை மறுபடி முறுக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்லலாம்.

இப்பரிசோதனை எளிதாயினும் அபாயமற்றதன்று. பழைய பம்புகளில் டீஸல் சுமார் 200 வாயுமண்டல அழுத்தத்தில் நாஸிலைத் திறக்கிறது. ஊசித்துவாரம் போன்ற கசிவிலிருந்து பீறிடும் டீஸல், தோலைத் துளைத்துச் சதைக்குள் ஏறிவிடும். மேலுக்கு எறும்புக்கடிபோல் தோன்றும் அக்காயம், சில மணி நேரத்தில் விரலையோ கையையோ வெட்டியெடுக்கும் நிலைக்குக் கொண்டுவிடலாம். அவ்விதம் நேர்ந்தால் வலியில்லையென்று காத்திராமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சென்று, அழுத்தமுள்ள டீஸல் பாய்ந்ததென்று டாக்டரிடம் சொல்லவேண்டும். கசிவைக் கையால் தடவித் தேடலாகாது. ஓர் அட்டைத்துண்டை நீட்டிப் பார்த்தாற் போதும். கண்ணாடி அணிதலும், அருகில் பீடி நெருப்பின்றி இருத்தலும் அவசியம். கம்ப்யூட்டரால் ஆளப்படும் காமன் ரெயில் முறையுள்ள புதிய லாரிகளில் அழுத்தம் 1000 வாயுமண்டலத்தையும் கடப்பதால், அவற்றில் இப்பரிசோதனையை ஒருபோதும் செய்யலாகாது.

நொண்டிச் சிலிண்டர் அகப்பட்டபின், அதன் நாஸிலையும் நன்கு உழைக்கும் ஒரு சிலிண்டரின் நாஸிலையும் இடம் மாற்றிப் புதிய செம்பு வாஷருடன் பூட்டவேண்டும். நோய் நாஸிலுடன் இடம் மாறினால் குற்றம் நாஸிலினுடையது. பம்பு ஒர்க்‌ஷாப்பில் அதன் அழுத்தத்தையும் தூவலையும் சோதித்துச் சீர் செய்துகொள்ளலாம். நோய் பழைய இடத்திலேயே நின்றால் டாப்பெட் இடைவெளியை எஞ்சின் செய்தவரின் புத்தகத்திற் கண்ட அளவுக்குச் சரிபார்க்கவேண்டும். இடைவெளி அற்றுப்போனால் வால்வு முற்றும் மூடாது, நெருக்கமும் நில்லாது. இதுவும் சரியாயிருந்தால் மட்டுமே சிலிண்டரின் நெருக்கத்தை மீட்டர் வைத்து அளந்து, ஹெட்டைக் கழற்றும் யோசனைக்குப் போகலாம்.

புகையின் நிறமும் நடையும் பெருந்துணையாவன. விட்டுவிட்டுத் தாளகதியாக வரும் புகை பெரும்பாலும் ஒரு சிலிண்டரின் நோயைக் காட்டும். இடைவிடாது வரும் புகை எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான குற்றத்தைக் காட்டும். கரும்புகை என்பது காற்றுக்கு மிஞ்சிய டீஸல். அறுவடைக் காலத்துத் தூசியில் ஏர் கிளீனர் அடைத்துக்கொள்வதே இதற்கு மிகச் சாதாரணமான காரணம். அதைச் சுத்தம் செய்யாமல் நாஸிலையோ பம்பையோ தொடுவது வீண். மற்றொரு காரணம் மனிதர் செய்வது. இழுவை அதிகம் வேண்டுமென்று பம்பின் சீலை உடைத்து டீஸல் அளவு ஸ்குருவைத் திருகிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. முதல் வாரம் வண்டி பறக்கும்; பின்னர் எரியாத டீஸல் சிலிண்டர்ச் சுவரின் ஆயிலைக் கழுவிப் பிஸ்டனையும் ரிங்கையும் தின்றுவிடும். கொடுத்த காசுக்கு நஷ்டத்தை வாங்குவதென்பது இதுவே. பாரத் ஸ்டேஜ் 4 விதிக்கு முற்பட்ட டீஸல் வண்டிகளுக்குப் புகையின் அடர்த்தி 65 ஹார்ட்ரிட்ஜ் யூனிட்டைத் தாண்டலாகாதென்று சட்டமும் இருக்கிறது.

நீலப்புகை ஆயில் எரிவதைத் தெரிவிக்கும். எஞ்சின் ஓடுகையில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று எழுமாயின் ரிங் தேய்ந்ததென்று ஊகிக்கலாம். ஆயினும், எண்ணெய்த் தொட்டியுள்ள ஏர் கிளீனரில் குறிக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தாலும் நீலப்புகை வரும். அதை முன்னரே பார்த்துவிடுவது நல்லது. குளிர்ந்த காலையில் வெண்புகை தோன்றிச் சூடேறியதும் மறைவது இயல்பு. சூடேறியபின்னும் கண்ணெரிச்சலுடன் நின்றால் டீஸல் பற்றாமல் வெளியேறுகிறதென்றும், ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கக்கூடுமென்றும் கொள்ளவேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்க முயலலாகாது.

இனிப் புகைக்குழாய். சைலன்சர் உள்ளே கரியாலும் துருவாலும் அடைத்துக்கொண்டால் எஞ்சின் மூச்சுவிட முடியாமல் இழுவை இழந்து கொதிக்கும். மேனிபோல்டின் சேர்மானம் விட்டுப்போனாலோ, குளிர்ந்த எஞ்சினில் "டிக் டிக்" என்ற ஓசை எழுந்து, இரும்பு சூட்டில் விரிந்ததும் தணியும். அவ்விடத்தில் கரிக்கோடு படிந்திருக்கும். இதைச் சத்தக்குறைவென்று மட்டும் எண்ணி விட்டுவிடுதல் தகாது. கசிந்த புகை டிரைவர் அறையுட் புகும். அதிலுள்ள கார்பன் மானாக்ஸைடு, பெட்ரோல் எஞ்சினைவிடக் குறைவேயாயினும், நிறமும் மணமுமற்ற விஷம். தலைவலியும் மயக்கமும் தரும். எஞ்சினை ஓடவிட்டு அறையிற் படுத்துறங்குவதும், மூடிய கொட்டகைக்குள் ஓட்டிச் சோதிப்பதும் அபாயகரம். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-ம் வருஷத்தில் டீஸல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவனவற்றின் முதல் வகுப்பிற் சேர்த்துவிட்டது.

குடியானவர்களுக்கு இதைவிட நேரான ஆபத்தும் உண்டு. உடைந்த குழாயிலிருந்தும் ஓட்டை விழுந்த சைலன்சரிலிருந்தும் பாரம் இழுக்கும்போது கனன்ற கரித்துகள்கள் சிதறும். வைக்கோல் பரந்த களத்தில் அவ்வண்டியை எஞ்சின் ஓட நிறுத்துவது, போருக்குத் தானே கொள்ளி வைப்பதற்குச் சமானம். குழாய் நல்லதாயினும் அதில் சிக்கிய வைக்கோலும் கரும்புச் சோகையும் சூட்டிற் பற்றக்கூடும். களத்தை விட்டுக் கிளம்புமுன் அடியில் குனிந்து பார்த்து அகற்றவேண்டும்.

ஓட்டைக் குழாய்க்குத் தகரம் சுற்றிக் கம்பி கட்டுவது ஊர் போய்ச் சேரும்வரைக்கே ஆகும். ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றும் பழைய வழக்கம் நுரையீரலுக்குக் கேடாதலின் விடத்தக்கது. மேனிபோல்டைக் கழற்றினால் அதன் முகம் கோணியிருக்கிறதா என்று நேர்கோல் வைத்துப் பார்த்து, கோணலிருந்தால் லேத்தில் சமன் செய்து, புதிய கேஸ்கெட்டுடன் நடுவிலிருந்து இருபுறமும் மாறிமாறிப் போல்ட்டுகளை முறுக்கவேண்டும். ஒரு நடை ஓட்டி, எஞ்சின் நன்கு ஆறியபின் மறுபடியும் ஒருமுறை அவற்றை முறுக்கிவைத்தல் அவசியம்.