புழு மனையில் கேட்ட காவிரி

நான்காம் தோலுரிப்பைக் கடந்து ஐந்தாம் பருவத்தை எய்திய பட்டுப்புழுக்கள் மல்பெரி இலையைத் தின்னும் ஓசை, கூரையின்மேல் தூறல் விழுவதைப் போன்றிருக்கும் என்பதை அன்பர்களுள் புழு வளர்ப்போர் நன்கறிவர். சென்ற ஆடித் திங்களில் ஓரிரவு, உத்தனப்பள்ளியிலுள்ள எமது வளர்ப்பு மனையில் இலையிட்டுவிட்டு, உறக்கம் வாராதிருக்கும் பொருட்டு எம். வி. வெங்கட்ராம் எழுதிய ‘வேள்வித் தீ’ என்னும் நாவலைக் கையிலெடுத்தேன். விடியுமட்டும் அதனைக் கீழே வைக்க இயலவில்லை. இடையில் ஒருமுறை இலையிடவும் மறந்து போனேன் என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்நாவல் 1975-இல் வெளிவந்தது. அதன் தலைவன் கண்ணன் ஒரு சௌராட்டிரப் பட்டு நெசவாளன். ஆசிரியரும் 1920-இல் கும்பகோணத்தில் அக்குலத்தே பிறந்தவர். பட்டு, சரிகை வணிகத்தில் ஈடுபட்டவர். பிற்காலத்தில் ‘காதுகள்’ என்னும் நாவலுக்காக 1993-இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றவர். நெசவாளரைப் பற்றி எழுதுவோர் பலர் இரக்கத்தில் தொடங்கி இரக்கத்திலேயே முடித்துவிடுவர். இவரோ தறிக்குழியில் கால் வைத்தவனுக்கும் ஆசையுண்டு, பிழையுண்டு என்று காட்டுகிறார். அதுவே எனக்கு உவப்பாயிற்று.

யானும் அவ்வூர்த் தறி வீட்டில் பிறந்தவனே. பட்டு நூல் வாங்குவதற்காக இளமையில் இப்பக்கம் வந்து, இங்கேயே தோட்டம் வைத்துத் தங்கிவிட்டேன். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. இரண்டுக்கும் இடையே எங்கள் ஊர். வெயில் ஏறுமுன் தெருவில் பாவு விரித்திருப்பார்கள். அதன்மேல் மாடு மிதித்துவிடாமல் காப்பது சிறுவர் வேலை. கோடையில் ஆறு வெறும் மணல். மேட்டூர் அணையை வழக்கம்போல் ஜூன் 12-இல் திறந்தார்கள் என்றால், பின்பு கல்லணையிலும் திறந்து நீர் வந்து சேரும் நாளை எண்ணிக்கொண்டே இருப்போம். சருகையும் நுரையையும் முன்னே தள்ளிக்கொண்டு அது மணலில் ஊர்ந்து வரும்போது ஒரு மெல்லிய சலசலப்பு உண்டாகும். புழு மனையில் அன்றிரவு யான் கேட்டது அவ்வோசையே.

அதனோடு, மறந்துவிட்டதாக நினைத்திருந்த வேறொன்றும் வந்தது.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். ஆடிப் பெருக்கு நாள். பண்டிகையாயினும், வேலை கொடுத்தவர் அவசரப்படுத்தியமையால் சாயம் தோய்த்த நூலைப் படித்துறையில் அலசிக்கொண்டிருந்தோம். பெண்கள் காதோலை கருகமணியை நீரில் விட, சிறுவர்கள் சிறு சப்பரங்களை இழுத்துக்கொண்டு ஓடினர். அவற்றைப் பார்க்கத் திரும்பினேன். அரக்குச் சாயமேற்றிய ஒரு சிட்டம் கையை விட்டு நழுவிச் சுழலில் மறைந்தது. நீரின் வேகம் பிடுங்கிக்கொண்டது என்று தந்தையாரிடம் கூறினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தீபாவளி வரையில் அவருடைய கூலியில் அந்நூலின் விலை பிடிக்கப்பட்டது. முன்பணம் வாங்கியவர் வாய் திறக்க வழியில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் சேருமாறு என் அன்னையார் முதன்முதல் வற்புறுத்தியது அவ்வாண்டில்தான். யான் பொய் சொன்னதை அவ்விருவருக்கும் இறுதிவரை சொல்லவில்லை.

நிற்க. உத்தனப்பள்ளிக்கும் காவிரிக் கரைக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் வினவலாம். இங்கு விளையும் பட்டுக்கூடு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இழை உண்டு. இவ்வட்டாரத்தார் அதனை இராமநகரச் சந்தைக்கும் கொண்டு செல்வர். நூலாகிய பின் அது காஞ்சிக்கும் கும்பகோணத்துக்கும், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திருபுவனத்துக்கும் போய்ச் சேரலாம். காவிரியும் இதே கிருட்டிணகிரி மாவட்டத்துப் பிலிகுண்டுலுவில்தான் தமிழகத்தைத் தொடுகின்றது. 2018-இல் உச்ச நீதிமன்றம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என வரையறுத்த நீரை அளப்பதும் அவ்விடத்திலேயே. எனவே என் ஊருக்கு வேண்டிய நூல், நீர் ஆகிய இரண்டுக்கும் இம்மாவட்டத்தின் வழியே பாதையுண்டு.

இங்கும் நிலம் நிலையாயில்லை. சிப்காட் தொழிற்பேட்டைக்காக நிலம் எடுப்பதை எதிர்த்து உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் உழவர்கள் 2023-இல் தொடர்ந்து போராடினர். தொழிற்சாலையால் பிழைக்கும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அதை மறுப்பது நேர்மையன்று. ஆயினும் தக்காளியும் கேழ்வரகும் மல்பெரியும் விளைந்த வயல் எப்படியிருந்தது என்று பிற்காலத்தில் எவரேனும் கேட்டால், எடுத்துக் கொடுக்க இவ்வூருக்கு இன்னும் ஒரு நாவல் எழுதப்பட்டதாக யானறியேன்.

பக்கத்துத் தோட்டத்து நண்பர் வீட்டில் தெலுங்கு பேசுபவர்; தமிழை எழுத்துக் கூட்டியே படிப்பார். ஆகையால் மாலை வேளைகளில் அவருக்கு நாவலைப் படித்துக் காட்டினேன். முடிந்த அன்று சிட்டம் போன கதையையும் கூறினேன். முதன்முதல் அதனைக் கேட்டவர் அவரே. சற்று நேரம் பேசாதிருந்து, “அண்ணா, உங்கள் அப்பாவும் படித்துறையில்தானே இருந்தார்?” என்றார்.

“ஆம், எனக்கு இரண்டு படி மேலே.”

“அப்படியானால் பார்த்திருப்பார்” என்று சொல்லி, இலை பறிக்கக் கூடையை எடுத்துக்கொண்டு போனார்.